ஒன்பது வாட் காவல்காரன்

மின்சார அலுவலகத்தில் அவளுக்கு வாட்டக்கா என்று பெயர். வைத்தவர்கள் இரண்டு அர்த்தத்தையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மின்சாரத்தை அளக்கிற வாட் ஒன்று. ஆளைப் பிடித்து வாட்டி எடுப்பது இன்னொன்று.

பதினாறு வருஷமாக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிறவள். மற்றவர்கள் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். வாட்டக்கா நகர மாட்டாள். மீட்டர் ஓடுகிற வேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டுவாள். "வீட்ல யாருமே இல்லைங்கறீங்க, இது இப்படி ஓடுதே? ஃப்ரிட்ஜ் கதவைச் சரியா மூடினீங்களா?" போய்ப் பார்த்தால் மூடியிருக்காது. நன்றி சொன்னவர்களும் உண்டு, "உனக்கென்னம்மா வந்துது?" என்றவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

அவள் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கருவி இருக்கும். சுவரில் இருக்கிற பிளக்குக்கும் பொருளுக்கும் நடுவில் அதைச் செருகினால், அந்தப் பொருள் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும். அவள் வீட்டில் அந்தக் கருவியிடம் மாட்டாத பொருளே இல்லை. வாஷிங் மெஷின், டிவி, மிக்ஸி என்று எல்லாவற்றின் முதுகிலும் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கும். ஓடும்போது இத்தனை, சும்மா இருக்கும்போது இத்தனை என்று இரண்டு எண்கள்.

"என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிடேன்" என்றான் ஒருநாள் கணவன்.

"ஒட்டலாம். ஓடும்போது எவ்வளவுன்னு தெரியலையே. சும்மா இருக்கறதைத்தானே பார்த்திருக்கேன்."

அவன் சும்மா இருக்கிறவன் இல்லை. குரல் கொடுக்கிற தொழில். லிஃப்டில் ஏறினால் "கதவுகள் மூடுகின்றன" என்று ஒரு ஆண் குரல் கேட்குமே, அது அவன். வங்கிக்குப் போன் செய்தால் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று இருபது நிமிஷம் காக்க வைக்கிற குரலும் அவனுடையதுதான். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அவனைத் திட்டியிருக்கிறார்கள். படுக்கையறை அலமாரியில் துணிகளை ஒதுக்கி, சுற்றிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கோடு உட்கார்ந்து பேசுவான். பேசியதை இன்டர்நெட் வழியாக ஸ்டூடியோவுக்கு அனுப்புவான். நெட் போனால் பிழைப்பு போச்சு.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமனார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஃப்ரிட்ஜ், டிவி, மிக்ஸி எல்லாமே அவருக்கு வண்டிதான். "வண்டி சத்தம் சரியில்லையேம்மா" என்பார் மிக்ஸியைப் பார்த்து. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து பழைய கால்பந்து ஆட்டங்களைப் பார்ப்பார். தனியாக இல்லை. அவரோடு இருபத்திரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டர், இப்போது வெளியூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரும் அதே நேரத்துக்கு அதே ஆட்டத்தைப் போடுவார். இரண்டு பேரும் போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு கத்துவார்கள். கண்டக்டருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் மாமனார் பங்குக் கத்தல் அதிகம். அந்த ஆட்டங்கள் வருவது டிவிக்குப் பின்னால் இருக்கிற ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டியில். சின்ன மகன் வாங்கிக் கொடுத்தது. அப்பா மனசு குளிர்ந்துவிட்டது என்று அவனுக்கு ஏகப் பெருமை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை இன்டர்நெட் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கணவன் அதைத் தன் வங்கிக் குரலில் கூடத்தில் நின்று வாசித்தான்.

"தங்கள் இணைப்பிலிருந்து ஐயத்திற்குரிய போக்குவரத்து தொடர்ந்து நிகழ்ந்து வருவதால்…"

"போக்குவரத்தா?" மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் வண்டியைத் தொட்டே ஏழு வருஷமாச்சேடா!"

"அந்தப் போக்குவரத்து இல்லப்பா. நம்ம வீட்லேர்ந்து யாரோ நெட்ல தப்புத் தண்டா பண்றாங்களாம். பத்து நாளுக்குள்ள சரி பண்ணலைன்னா லைனைப் பிடுங்கிடுவாங்களாம்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேர் முகத்திலும் ஒரே சந்தேகம், மற்ற இரண்டு பேர் மேல்.

மறுநாள் வாட்டக்கா கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். அங்கே கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர்களையும் லைன்களையும் பார்த்துக்கொள்கிற அம்மாள் ஒருவர் உண்டு. கழுத்தில் துண்டு மாதிரி எப்போதும் ஒரு வயர் தொங்கும் என்பதால் கேபிள் மேடம். கடிதத்தைப் படித்துவிட்டு, "வீட்ல நெட்ல இருக்கற பொருள் எத்தனை?" என்று கேட்டார்.

வாட்டக்கா விரல் விட்டு எண்ணினாள். போன்கள், டிவி, பிரிண்டர், வாஷிங் மெஷின், எடை பார்க்கும் மெஷின், தரை கூட்டும் மெஷின், இன்னும் என்னென்னவோ. பதினாலு வந்தது.

"அதுல ஏதோ ஒண்ணு உங்க பேரைக் கெடுக்குது. ஒவ்வொண்ணா கழட்டி வச்சுப் பார்த்தா மாசக்கணக்கா இழுக்கும். ஒரு ஃபயர்வால் வச்சிருங்க. வெளியிலேர்ந்து வர்ற லைனுக்கும் உங்க வைஃபை பெட்டிக்கும் நடுவுல ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதுக்கு ரெண்டு வாசல் இருக்கணும். வெளிப்பக்கம் ஒண்ணு, உள்பக்கம் ஒண்ணு. யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு எல்லாத்தையும் எழுதி வைக்கும், ஆகாததைத் தடுத்து நிறுத்தும். மென்பொருள் இலவசமாவே கிடைக்குது. பெட்டியை மட்டும் பார்த்து எடுங்க."

"எத்தனை வாட் ஆகும்?"

கேபிள் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கேன். எல்லாரும் எவ்வளவு ஸ்பீடுன்னுதான் முதல்ல கேப்பாங்க."

"அதை எப்பவாவது அணைக்கலாமா?"

"ஒரு நிமிஷம்கூட முடியாது. காவல்காரன் தூங்கலாமா?"

"அப்போ அது வேலை செய்யறப்ப எவ்வளவு இழுக்குதுங்கறதை விடுங்க. சும்மா நிக்கறப்ப எவ்வளவுங்கறதுதான் முக்கியம். எங்க வீட்ல எல்லாரும் சேர்ந்து நெட்டைப் போட்டு இழுக்கறது நாளுக்கு அஞ்சு மணி நேரம். மிச்சம் பத்தொன்பது மணி நேரம் அது வாசல்ல நின்னு கொட்டாவிதானே விடப்போகுது?"

"நீங்க எங்கிட்ட கேக்கவே வேண்டியதில்ல" என்றார் கேபிள் மேடம். "நீங்களே எடுத்துருவீங்க."

ஆனால் அவள் எடுப்பதற்குள் விஷயம் கொழுந்தன் காதுக்குப் போய்விட்டது. கொழுந்தன், கறுப்புப் பெட்டி வாங்கிக் கொடுத்த அதே சின்ன மகன், மூடிப்போகிற அலுவலகங்களின் மேஜை நாற்காலிகளை மொத்தமாக எடுத்து விற்பவன். எந்தப் பிரச்சினைக்கும் அவன் கிடங்கில் ஒரு தீர்வு கிடக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் தள்ளுவண்டியில் எதையோ போர்த்திக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணி! ஃபயர்வால் கேட்டீங்களாமே? இதோ. முந்நூறு பேர் வேலை பார்த்த ஆபீஸையே காவல் காத்த சர்வர். உங்களுக்கு இலவசம்."

போர்வையை விலக்கினான். மெத்தையைச் சுருட்டி வைத்தது போன்ற நீளத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சுவரில் இரண்டு இடத்தில் சுண்ணாம்பைப் பெயர்த்து, கூடத்துக்குக் கொண்டு வந்தார்கள். வாட்டக்கா கருவியைச் செருகினாள். கொழுந்தன் பட்டனை அழுத்தினான்.

மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்கியது போல ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மாமனார் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்.

"ஆரம்பத்துல அப்படித்தான் அண்ணி! போகப் போக அடங்கிடும்!" என்று கத்தினான் கொழுந்தன்.

அடங்கத்தான் செய்தது, ஹெலிகாப்டரிலிருந்து மாவு மில்லுக்கு. கருவியில் எண் இருநூற்றுப் பன்னிரண்டு வரை போய், கால் மணி நேரத்தில் நூற்று அறுபத்தெட்டில் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துப் படுக்கையறைக் கதவு திறந்தது. தலையில் கம்பளியோடு கணவன் வெளியே வந்தான். பெட்டியை இறக்கி வைத்த கையோடு அலமாரிக்குள் போய், லிஃப்டுக்கான புது வாசகத்தைப் பேசி அனுப்பியிருக்கிறான். ஸ்டூடியோவிலிருந்து வந்த பதிலைப் போனில் நீட்டிக் காட்டினான். "இது லிஃப்டுக்கா, விமானத்துக்கா?"

"இலவசம் அண்ணே" என்றான் தம்பி, கொஞ்சம் சுருதி இறங்கி.

"யானையும் இலவசமாத்தான் தம்பி வரும்" என்றாள் வாட்டக்கா. "தீனி யார் போடறது? சும்மா நிக்கறதுக்கே நூத்து அறுபத்தெட்டு. நாலு ஃப்ரிட்ஜை ராப்பகலா ஓட்டறதுக்குச் சமம். அதுவும் மூணு பேர் இருக்கற வீட்டைக் காவல் காக்க."

கொழுந்தன் முகம் சுண்டிப்போனது. நல்லது செய்ய வந்தவனைக் கணக்குச் சொல்லி அனுப்புகிறோமே என்று அவளுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, யானையைத் தள்ளிக்கொண்டு போனான். போகும்போது மூன்றாவதாக ஒரு இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்தது.

யானை போனதும் வாட்டக்கா நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். கேபிள் மேடம் மேஜை இழுப்பறையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை கிடந்தது. அதுவும் முழுக் கம்ப்யூட்டர்தானாம். இரவலாக வாங்கி வந்து வெள்ளிக்கிழமை மாட்டினாள். நாலு வாட்! அந்த எண்ணைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பைத் தன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை என்றான் கணவன். ஆனால் அதற்கு ஒரு வாசல்தான். இரண்டாவது வாசலை யூஎஸ்பியில் செருகி ஒட்டவைக்க வேண்டியிருந்தது. ஒட்டவைத்த வாசல் அரை மணி நேரத்தில் சூடாகி மயக்கம் போட்டது. ஸ்டூடியோக்காரரோடு கணவன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது மூன்று முறை லைன் அறுந்தது. மூன்றாவது முறை அவன் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோய்விட, அந்த முகத்தைப் படம் எடுத்து ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

புதுசாகவே விற்கிற தயார்ப் பெட்டிகளையும் போனில் பார்த்தாள். விசிறி இல்லை, நாலு வாசல், குறைந்த வாட், கண்ணுக்கும் லட்சணம். விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி திறந்து பார்த்தாள். குறைந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கருவியையும் ஒரு எக்ஸ்டென்ஷன் வயரையும் பையில் போட்டுக்கொண்டு பழைய கம்ப்யூட்டர் விற்கிற தெருவுக்குக் கிளம்பினாள். இரண்டு பக்கமும் கடைகள், கடைக்கு வெளியே மலை மலையாகக் கீபோர்டுகள். மூலையில் இருந்த கடையில் "கேரண்டி கிடையாது" என்று பெரிய எழுத்தில் பலகை தொங்கும். அதனாலேயே அந்தக் கடைக்காரருக்கு ஊரெல்லாம் கேரண்டிக்காரர் என்று பெயர்.

"சும்மா இருக்கறப்ப எவ்வளவு சாப்பிடும்?" என்று கேட்டாள், முதலில் கண்ணில் பட்ட மெஷினைக் காட்டி.

"சாப்பிடறதா? கம்ப்யூட்டர்ம்மா அது."

"தெரியும். போடுங்க, பார்த்துருவோம்."

கேரண்டிக்காரர் பலவிதமான வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, சொந்த வயரை விரித்து, ஒவ்வொரு மெஷினையும் ஓடவிட்டு, பத்து நிமிஷம் கைகட்டிக் காத்திருந்து, எண்ணை நோட்டில் எழுதிக்கொள்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார். பெரிய டெஸ்க்டாப் ஐம்பத்திரண்டு. வேண்டாம். திரை உடைந்த லேப்டாப் பதினாலுதான் காட்டியது, அவளுக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்தது. திருப்பிப் பார்த்தால் பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. நாளெல்லாம் ஓடப்போகிற பொருளில் அப்படியொரு பேட்டரியை வீட்டுக்குள் வைக்கச் சம்மதிக்கிற ஆள் அவள் இல்லை. அதற்கடுத்த குட்டி மெஷின் பதினெட்டு. ஆனால் உள்ளே விசிறி கிரீச் கிரீச்சென்றது. அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுகிறவனை நினைத்துக்கொண்டாள்.

"அது என்னங்க?"

கேரண்டிக்காரர் தன் டீ கிளாஸைப் பார்த்தார். கிளாஸை இல்லை, கிளாஸ் எதன் மேல் இருக்கிறதோ அதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். தடித்த புத்தகம் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மேல்பக்கம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி உலோகப் பட்டைகள்.

"இதுவா? ஏதோ ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல வரிசையா வச்சிருந்தாங்க. முப்பது மொத்தமா எடுத்தேன், மூணுதான் போச்சு. சின்ன மெஷின்ம்மா, விசிறிகூடக் கிடையாது. கேம் ஆட முடியாது, வீடியோ எடிட் பண்ண முடியாது. யாருமே சீண்டலை."

"விசிறி கிடையாதா?" அவள் குரலில் வந்த பரபரப்பைக் கேட்டு அவர் டீயை அவசரமாக எடுத்துக்கொண்டார்.

ஓடவிட்டார்கள். சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டாள், அப்போதும் இல்லை. பதினொன்று காட்டியது. அவள் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. பெட்டியை மட்டும் அணைத்துவிட்டுக் கருவியைப் பார்த்தாள். அப்போதும் ஏறக்குறைய மூன்று.

"இந்த அடாப்டர் சும்மா இருந்துக்கிட்டே திருடுது. வேற கொடுங்க."

வேறு கொடுத்தார். அதுவும் திருடியது. ஒரு டப்பா நிறைய அடாப்டரைத் தரையில் கொட்டி, அளவு பொருந்துகிறதை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். ஐந்தாவது யோக்கியமானது. எட்டு. பக்கவாட்டில் இருந்த இடத்தில் இரண்டாவது வாசலுக்கான கார்டைத் திருகி மாட்டியதும் எண் ஒன்பதுக்கு வந்து உட்கார்ந்தது. அப்புறம் அசையவில்லை.

"மூணு வாட்டுக்காகவா என் கடையைக் கவிழ்த்தீங்க?"

"மூணு வாட்தான். ஆனா வருஷம் பூரா, அணைக்காம."

கேரண்டிக்காரர் கடையின் மூலையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கருவியை என் வாட்டர் கூலர்ல ஒரு தரம் போட்டுக் காட்டறீங்களா?" என்றார். போட்டுக் காட்டினாள். எண்ணைப் பார்த்த பிறகு அவரால் சரியாகப் பேரம் பேச முடியவில்லை. புதுப் பெட்டியின் விலையில் ஆறில் ஒரு பங்குக்கு, அந்த யோக்கியமான அடாப்டரோடு, பெட்டி அவள் பைக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பெட்டிக்குத் திரை கிடையாது, ஆரம்பத்தில் மட்டும் ஒரு திரை வேண்டும். வீட்டில் இருக்கிற ஒரே பெரிய திரை டிவி. மாமனாரிடம் அனுமதி கேட்டாள்.

"ஃபயர்வால்னா நெருப்புச் சுவர்தானேம்மா? அதை ஏன் வீட்டுக்குள்ள கொண்டாறே?"

"பேருதான் மாமா அப்படி. தொட்டுப் பாருங்க, சுடவே சுடாது."

தொட்டுப் பார்த்தார். "சின்ன வண்டியா இருக்கே. ஏறுமா?" என்றார். இடத்தை விட்டுக் கொடுத்தார், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

போனில் கேபிள் மேடம் ஒவ்வொரு படியாகச் சொல்ல, அவள் தட்ட, ஒரு மணி நேரத்தில் மென்பொருள் ஏறிவிட்டது. லைனை மாட்டினார்கள். வீட்டில் எங்கேயும் நெட் இல்லை. கழற்றி மாட்டினார்கள். இல்லை. அலமாரிக்குள்ளிருந்து "போச்சா?" என்று ஒரு குரல், தொழில்முறைச் சுத்தத்தோடு.

"ஏம்மா" என்றார் மாமனார் நாற்காலியிலிருந்து. "இறங்கற வாசல்ல ஏத்திட்டு ஏறற வாசல்ல இறக்கறியோ என்னவோ. ரெண்டையும் மாத்திப் பாரேன்."

கேபிள் மேடம் போனில் சிரித்தார். வாட்டக்கா கேபிள்களை இடம் மாற்றினாள். நெட் வந்துவிட்டது. மாமனார் அன்று மத்தியானம் வரை யாரிடமும் சாதாரணமாகப் பேசவில்லை. எல்லாமே உத்தரவுதான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் யாரோடு பேசுகிறது என்று திரையில் வரிசையாக ஓடியது. வாஷிங் மெஷின் மணிக்கு ஒரு தரம் எங்கேயோ தூரத்துக்கு "நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிரிண்டர் மை தீர்ந்துபோன சோகத்தைப் பல மாதமாக யாரிடமோ அழுதுகொண்டிருந்தது. எடை மெஷின், கணவன் ஏறி இறங்கின ஒவ்வொரு தடவையும், எண்ணைக் கடல் கடந்து அனுப்பியிருந்தது.

"எனக்கே தெரியாம என் எடை உலகம் சுத்தியிருக்கே!" கணவன் கம்பளியோடு ஓடி வந்துவிட்டான். "முதல்ல அதை நிறுத்து. மத்ததெல்லாம் அப்புறம்."

அதை நிறுத்தினாள். ஆனால் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. டிவியில் வேறு வேலை நடக்கிறது, ஆட்டம் எதுவும் ஓடவில்லை. அப்படியும் ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் தடவை முன்பின் தெரியாத இடங்களுக்குப் போய்ப் போய் வந்திருக்கிறது. மாமனாரின் கறுப்புப் பெட்டி.

விவரத்தைக் கேட்டதும் கேபிள் மேடத்துக்குப் புரிந்துவிட்டது. "அது இலவசமா ஆட்டம் காட்டறதுக்கு இதுதான் விலை. உங்க லைனை ஊர்பேர் தெரியாதவங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கு. அவங்க பண்ற தப்புக்கு உங்க வீட்டு விலாசம்."

வாட்டக்கா மாமனார் பக்கம் திரும்பினாள். பதினாறு வருஷம் முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டிக் குறை சொன்னவள், சொந்த வீட்டுக் கூடத்தில் வார்த்தையைத் தேடினாள்.

"அது எனக்கு ஆட்டம்தானேம்மா காட்டுது?" என்றார் அவர், அவள் சொல்வதற்கு முன்னாலேயே.

"ஆட்டம்தான் காட்டியிருக்கு மாமா. நம்ம எல்லாருக்குமே."

பெட்டியைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றினாள். மாமனார் அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தனுக்குப் போன் போனது. பத்தாவது நிமிஷம் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"எனக்குச் சத்தியமா தெரியாது அண்ணி. ஒண்ணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீன்னான் வித்தவன்."

"அந்த இன்னொண்ணு எங்கே?"

கொழுந்தன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார்.

"கண்டக்டருக்கு அனுப்பி வச்சேன்" என்றார். "என் பிறந்தநாளுக்கு அவன் சட்டை அனுப்பினான், நான் பெட்டி அனுப்பினேன். அவன் பொண்ணு வீட்லேர்ந்தே பேங்க் வேலை பார்க்கறாம்மா. அது பேர் கெட்டுப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட பேசறது?"

உடனே போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு முழுத் தொண்டையில் கத்தினார். "டேய்! அந்தப் பெட்டி சரியில்லடா! பெட்டியைக் கழட்டு! பெட்டி!"

"என்ன? பெட்டியா?"

"ஆமாடா, பெட்டி! உடனே!"

"உடனேவா? சரி, சரி" என்றது மறுமுனை. வைத்துவிட்டது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு வாசல் மணி அடித்தது. வாட்டக்கா கதவைத் திறந்தாள். மெலிந்து உயரமாக ஒரு ஆள், இஸ்திரி போட்ட சட்டை, கையில் சூட்கேஸ்.

"பெட்டி கட்டிக்கிட்டு உடனே வான்னான்" என்றார் அவர். "யாருக்கு என்னம்மா ஆச்சு? அவன் நல்லா இருக்கானா?"

உள்ளேயிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் நேரில் பார்த்து ஏழு வருஷம். கண்டக்டர் சூட்கேஸைக் கீழே வைத்தார். மாமனார் நடந்து வந்து அவர் தோளில் ஒரு அறை விட்டார். "காதுல என்னடா வச்சிருக்கே? கழட்டுன்னா கட்டிக்கிட்டு வந்திருக்கே!" என்றார். அறைந்த கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் வேலைக்குக் கிளம்பிய வாட்டக்கா பத்து நிமிஷம் வெளியே போக முடியாமல் பையோடு நின்றாள். அவர்களை நகரச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

கண்டக்டரின் மகளிடம் போனில் விஷயத்தைச் சொல்லி அங்கிருந்த பெட்டியைப் பிடுங்க வைத்தார்கள். அந்தப் பெண் நல்ல வேளையாக வேலைக்கு வேறு லைன் வைத்திருந்தாள். அவளுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. சனிக்கிழமை இன்டர்நெட் கம்பெனியிலிருந்து இன்னொரு தகவல் வந்தது. போக்குவரத்து சீரடைந்துவிட்டதாம், மகிழ்ச்சியாம், இதைவிட வேகமான இணைப்பு வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

கண்டக்டர் ஒன்பது நாள் இருந்தார். ஆட்டங்களைக் காசு கட்டி நேர்வழியில் பார்க்கிற ஒரு சேவையைக் கொழுந்தனே தன் செலவில் ஏற்பாடு செய்து கொடுத்தான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், பழக்க தோஷத்தில் போனில் பேசுவது போலவே கத்தினார்கள். சர்வர் சத்தமே தேவலை என்றான் கணவன். சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை அவன் குரலுக்கு விடுமுறை விட்டுவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து தானும் கத்தக் கற்றுக்கொண்டான். கொழுந்தனும் வேலை முடிந்து வர ஆரம்பித்தான். வாட்டக்காவுக்குக் கால்பந்தில் யார் எந்தப் பக்கம் உதைக்கிறார்கள் என்பதே தெரியாது. ஆனாலும் அந்த நேரத்துக்குள் வீடு வந்து சேர்வதற்காகத் தன் சுற்றைக் கொஞ்சம் வேகமாக முடிக்கத் தொடங்கினாள்.

பத்தாம் நாள் கண்டக்டர் கிளம்பினார். கேரண்டிக்காரர் கடையிலிருந்து அதே மாதிரி இன்னொரு பெட்டியை வாங்கி, பொறுக்கியெடுத்த அடாப்டரோடு, அவர் மகளுக்குக் கொடுத்து அனுப்பினாள் வாட்டக்கா. "கொண்டுபோய் விட்டுட்டு ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்று மாமனாரும் பஸ் ஏறினார். இரண்டு நாள் ஒரு வாரமானது. ஒரு வாரம் மூன்றானது.

வீடு அமைதியாகிவிட்டது. கணவன் வாரத்து வேலையைப் புதன்கிழமைக்குள் முடித்துவிட்டு, செய்வதறியாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தான். ஒரு மத்தியானம் வாட்டக்கா காவல் பெட்டி எழுதி வைத்திருந்ததைப் பார்க்க உட்கார்ந்தாள். திரையில் அந்த மாதத்துப் போக்குவரத்தைக் காட்டும் கோடு நாள் நாளாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்குக் குன்று மாதிரி எழும்பிய இடம் மூன்று வாரமாகத் தட்டையாகக் கிடந்தது. கெட்டது எதுவும் வரவில்லை, போகவில்லை. பெட்டி வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. அவள் அந்தத் தட்டைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"எப்ப வர்றீங்க மாமா?"

"ஏம்மா, வண்டி நின்னுபோச்சா?"

"இல்ல, நல்லா ஓடுது." திரையிலிருந்த தட்டைக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "ரொம்ப நல்லா ஓடுது. நீங்க வாங்க."

மறுமுனையில் அவர் யாரிடமோ திரும்பி ஏதோ கத்துவது கேட்டது. பதிலுக்கு அங்கே இன்னொருவர் "என்ன?" என்று கத்துவதும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார். தனியாக வரவில்லை. பின்னாலேயே சூட்கேஸோடு கண்டக்டர் இறங்கினார். இந்தத் தடவை அவரை யாருமே கூப்பிட்டிருக்கவில்லை. வாட்டக்கா சூட்கேஸை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்தாள்.